உள்ளேயிருந்து திறக்காத கதவு

எங்கள் வீட்டு அம்பாசிடர் 1988-ம் ஆண்டு வண்டி. மார்க் 4, டீசல். என் மாமனார் 1999-ல் செகண்ட்ஹேண்டில் வாங்கினார். எங்கள் வீட்டில் தறியும் உண்டு, நிலமும் உண்டு. வீட்டுக்காரர் பட்டுத் தறியில் உட்காருகிறார். பாலாற்றுப் பக்கம் இருக்கிற ஒரு ஏக்கர் 60 சென்ட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். நவரையும் சொர்ணவாரியும் நெல், மேட்டுப் பகுதியில் கத்தரி, வெண்டை, கீரை. கத்தரி மூட்டை ராஜாஜி மார்க்கெட்டுக்குப் போவதும், விதையும் உரமும் வருவதும், கோர்வைச் சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவதும் இந்த ஒரே வண்டியில்தான். ஓட்டுவது பெரும்பாலும் நான்.

வண்டியின் பின்பக்க இடது கதவு, உள்ளேயிருந்து திறப்பதை நிறுத்தி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. கைப்பிடியைத் திருப்பினால் அது பாட்டுக்குச் சுற்றும், கதவு அசையாது. வெளிக் கைப்பிடி நன்றாகவே வேலை செய்தது. அதனால் யாரும் அதை ஒரு கோளாறாகவே எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டுத் திறந்துகொள்வோம். இல்லாவிட்டால் ஓட்டுகிறவர் இறங்கி வந்து திறந்துவிடுவார். கிராமத்து வீடுகளில் பல சாமான்கள் இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரு கால் ஆடும் நாற்காலிக்கு அட்டை மடித்து வைப்போம், தாழ்ப்பாள் விழாத கதவுக்குக் கல் வைப்போம். பழகிவிட்டால் கல்லும் வீட்டுச் சாமான்களில் ஒன்றாகிவிடும்.

மாமாவுக்கு 79 வயது. ஐம்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவர். கண்ணில் புரை எடுத்த பிறகும் சாயங்காலம் ஒருமுறை நிலத்தைப் பார்க்காமல் இருக்கமாட்டார். பின்சீட்டில் இடது பக்கம்தான் அவர் இடம். போன தை மாதத்திலிருந்து, "நீங்க போய்ட்டு வாங்கம்மா, எனக்கு முட்டி வலி" என்று சொல்ல ஆரம்பித்தார். முதலில் முட்டிவலி என்றே நினைத்தோம். என் மகள் ஆறாவது படிக்கிறாள். ஒருநாள் சாப்பிடும்போது அவள்தான் சொன்னாள்: "தாத்தாவுக்கு முட்டியெல்லாம் இல்லம்மா. கதவு திறக்கலன்னா இன்னா பண்றதுன்னு கேட்டார். எல்லாரும் இறங்கிப் போனப்புறம், யாராவது வந்து திறக்கிறவரைக்கும் உட்கார்ந்துக்கினு இருக்கிறது அவருக்குப் புடிக்கலயாம்."

அவருக்கு வண்டியில் இருந்த கண்ணாடி சுற்றும் கைப்பிடியும் இறுக்கம். விரலில் பலம் குறைந்தவர் அதைச் சுற்றிக் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டு, வெளிக் கைப்பிடியை அழுத்துவது லேசான காரியமில்லை. ஒரு மனிதன் தன் சொந்த வண்டியிலிருந்து தானே இறங்க முடியாமல் போவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் வீட்டில் பேசினோம்.

நகரத்தில் ஒரு ஒர்க் ஷாப்பில் காட்டினோம். "லாக் செட்டோடு மாத்தணும், சாமான் கிடைக்கிறது கஷ்டம், வண்டியை விட்டுட்டுப் போங்க, பார்க்கலாம்" என்றார்கள். கத்தரி பறிக்கிற சமயத்தில் வண்டியை விட்டுவிட்டு வர எங்களுக்கு வழியில்லை. எங்கள் தெருவிலேயே, அரசு பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணா இருக்கிறார். அவரிடம் கேட்டேன். "பூட்டை எதுக்கும்மா மாத்தணும்? வெளியேயிருந்து திறக்குதுன்னா பூட்டு நல்லாத்தான் இருக்கு. கழற்றிப் பாருங்க, நான் சொல்றேன்" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கழற்றினோம்.

எங்கே கோளாறு என்று முதலில் பார்க்க வேண்டும்

நெல் வயலில் இலை பழுத்தால் உடனே யூரியாவை அள்ளி வீசுகிறவர்கள் உண்டு. தழைச்சத்துக் குறைவாலும் பழுக்கும், துத்தநாகக் குறைவாலும் பழுக்கும், தண்ணீர் வடியாமல் நின்றாலும் பழுக்கும். எது என்று பார்க்காமல் மருந்து போட்டால் காசுதான் போகும். கதவும் அப்படித்தான் என்பதை அண்ணா விளக்கினார்.

உள் கைப்பிடிக்குப் பின்னால் ஒரு சதுரமான இரும்புத் தண்டு இருக்கிறது. கைப்பிடியைத் திருப்பினால் தண்டு திரும்பும். தண்டு ஒரு சின்ன நெம்புகோலைத் தள்ளும். நெம்புகோலிலிருந்து ஒரு நீளக் கம்பி கதவின் பின் ஓரத்தில் இருக்கிற பூட்டுக்குப் போகிறது. கம்பி இழுபட்டால் பூட்டின் நாக்கு விலகும், கதவு திறக்கும். ஆக, கோளாறு மூன்று இடங்களில் இருக்கலாம். கைப்பிடி சுற்றி, தண்டு சுற்றவில்லை என்றால் கைப்பிடியின் ஓட்டை தேய்ந்திருக்கிறது. தண்டு சுற்றி, கம்பி நகரவில்லை என்றால் கம்பியின் கிளிப் கழன்றிருக்கிறது. கம்பி நகர்ந்தும் நாக்கு விலகவில்லை என்றால் பூட்டு காய்ந்தோ துருப்பிடித்தோ இருக்கிறது. வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டு, "தறியில மிதியை மிதிச்சா விழுது ஏறலன்னா, கயிறு புடிச்சிக்கினே போய்ப் பார்ப்போமே, அதேதான்" என்றார்.

கழற்றிய விதம்

தேவைப்பட்டவை: ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு கொறடு, முனை மழுக்கிய இரண்டு இன்ச் ஆணி, டார்ச் லைட், பழைய வேட்டித் துணி, ஒரு தோசைத் திருப்பி.

முதலில் கண்ணாடியை முழுக்க மேலே ஏற்றிவிட்டோம். கீழே இறங்கியிருந்தால் கதவுக்குள் கையை விட இடம் இருக்காது. கைப்பிடிகள் எந்த நிலையில் நிற்கின்றன என்று மகள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள். திரும்ப மாட்டும்போது அந்தப் படம் மிகவும் உதவியது.

எங்கள் வண்டியில் கைப்பிடிக்கும் கதவு அட்டைக்கும் நடுவில் ஒரு வட்டமான பில்லை இருக்கிறது. அதற்குப் பின்னால் ஸ்பிரிங். பில்லையை அட்டைப் பக்கமாக அழுத்தினால், கைப்பிடியின் கழுத்தில் குறுக்கே ஒரு சின்னப் பின் தெரியும். ஒருவர் பில்லையை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் ஆணியால் பின்னைத் தட்டி வெளியே தள்ள வேண்டும். கீழே துணியை விரித்து வையுங்கள். பின் துள்ளி விழுந்தால் மண் தரையில் கண்டுபிடிக்க முடியாது. கண்ணாடி சுற்றும் கைப்பிடியும் இதே மாதிரிதான் கழன்றது.

அட்டையைச் சுற்றிலும் கதவுத் தகட்டில் கிளிப்புகள் பிடித்திருக்கும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பெயின்ட்டும் போகும், ரெக்சினும் கிழியும். தோசைத் திருப்பியில் துணியைச் சுற்றி, ஒவ்வொரு கிளிப்பின் பக்கத்திலும் செருகி மெதுவாக நெம்பினோம். அகலமான தகடு என்பதால் அட்டை ஒடியவில்லை. இரண்டு கிளிப் உடைந்தது. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆன கிளிப், உடையத்தான் செய்யும்.

அட்டை கையோடு வந்தது. சதுரத் தண்டைக் கொறடால் பிடித்துத் திருப்பினேன். பின்னால் 'டக்' என்று பூட்டின் நாக்கு விலகியது. கம்பி நன்றாக இருக்கிறது, பூட்டு நன்றாக இருக்கிறது. கோளாறு கைப்பிடியில் மட்டும். சந்தேகம் தீர, அதே பக்கத்து முன்கதவின் கைப்பிடியைக் கழற்றி இதில் மாட்டிப் பார்த்தோம். கதவு திறந்தது. பூட்டு செட் முழுவதையும் மாற்றச் சொன்ன செலவு அந்த நிமிஷத்தில் மிச்சமானது.

சதுரம் வட்டமானது

கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தால் விஷயம் தெரிந்தது. தண்டு இரும்பு. கைப்பிடி மசாக், அதாவது துத்தநாகக் கலவையில் அச்சில் வார்த்து, மேலே குரோமியப் பூச்சு கொடுத்தது. இரும்பை விட மெத்தென்ற உலோகம். இத்தனை வருஷம் இரும்புத் தண்டின் மூலைகள் உரசி உரசி, சதுர ஓட்டை ஏறக்குறைய வட்டமாகிவிட்டது. வயலுக்கு ஏக்கருக்கு 10 கிலோ போடுகிறோமே துத்தநாக சல்பேட், அதில் இருக்கிற அதே துத்தநாகம்தான் என்று சொன்னபோது மகளுக்கு ஒரே ஆச்சரியம்.

இதை எப்படிச் சரி செய்வது? வெல்டிங் வைக்கலாமா என்று கேட்டேன். கூடாது என்றார் அண்ணா. மசாக் 400 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும், கேஸ் வெல்டிங் நெருப்பு பட்டால் கைப்பிடி வழிந்து போய்விடும். எம்சீல் வைத்து அடைத்தால் கொஞ்ச நாள் நிற்கும். ஆனால் தண்டோடு ஒட்டிக்கொண்டால் அடுத்த முறை கழற்றும்போது கைப்பிடியை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். மிஞ்சியது இரண்டு வழி. ஒன்று, வேறு கைப்பிடி வாங்குவது. இன்னொன்று, தேய்ந்த இடத்துக்கு மெல்லிய தகடு வைத்து இறுக்குவது.

வேறு கைப்பிடி கிடைக்காத பொருளில்லை. அம்பாசிடர் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை வைத்துச் செய்த வண்டி. 1950-களின் பிற்பகுதியில் தொடங்கி, மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் இருந்த தொழிற்சாலையில் 2014 வரைக்கும் செய்துகொண்டிருந்தார்கள். இத்தனை வருஷம் ஓடிய வண்டி என்பதால், சென்னை புதுப்பேட்டையில் பிரித்துப் போட்ட வண்டிகளின் சாமான் இன்னும் அகப்படுகிறது. ஆனால் அங்கே வாங்குவதும் பழைய கைப்பிடிதான். அதன் ஓட்டை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். பளபளப்பை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாந்து வர நேரும். கைப்பிடியை வாங்கப் போகிறவர்கள் பழையதைக் கையோடு எடுத்துப் போவது நல்லது.

இதையெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த மாமா, கைப்பிடியைக் கேட்டு வாங்கினார். ஓட்டைக்குள் சுண்டு விரல் நகத்தை விட்டுத் துழாவினார். "ரெண்டு பக்கம்தான் தேஞ்சிருக்கு. மத்த ரெண்டு பக்கம் நல்லா இருக்கு" என்றார். டார்ச் அடித்துப் பார்த்தோம். அவர் சொன்னது சரி. திருப்பும் விசை எப்போதும் ஒரே திசையில் விழுவதால் எதிரெதிர் ஓரங்கள் மட்டும் தேய்ந்திருந்தன. கண் மங்கியவர் விரலால் கண்டதை நாங்கள் கண்ணால் காணவில்லை. ஒரு பாவில் ஆயிரக்கணக்கான இழைகளில் அறுந்த ஒன்றைத் தடவியே பிடித்த விரல் அது.

அவருடைய பழைய வெற்றிலைப் பெட்டி மூடி கழன்று பரணில் கிடந்தது. அந்த மூடியின் பித்தளைத் தகட்டிலிருந்து சின்னதாக இரண்டு துண்டு வெட்டச் சொன்னார். கத்தரியால் வெட்டி, அரத்தால் ஓரத்தை ராவி, அவரே கைப்பிடிக்குள் பொருத்திப் பொருத்திப் பார்த்தார். தகடு கனமாக இருந்தால் தண்டு நுழையாது. மெல்லியதாக இருந்தால் ஆட்டம் போகாது. ஒரு மணி நேரம் ஆயிற்று. நடுவில் யாரும் அவரைத் தொந்தரவு செய்யவில்லை. டீ கூட ஆறிப்போனது. கடைசியில் கைப்பிடியைத் தண்டில் வைத்து உள்ளங்கையால் தள்ளினார். இறுக்கமாகப் போய் உட்கார்ந்தது. பின் போகும் துளை மறையாத அளவுக்குத் தகட்டை முன்கூட்டியே குறைத்து வெட்டியிருந்தார். பழைய பின்னும் தேய்ந்திருந்ததால், அதே கனத்தில் ஒரு ஆணியை அளவு பார்த்து அறுத்துப் புதுப் பின்னாகப் போட்டோம்.

கதவுக்குள் ஒரு வாய்க்கால்

அட்டையை மூடுவதற்கு முன், கதவின் அடிப்பகுதியைப் பாருங்கள் என்றார் அண்ணா. மழைத் தண்ணீர் கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். அது வெளியே போவதற்குக் கதவின் அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் உண்டு. எங்கள் கதவில் எல்லாமே அடைந்திருந்தன. வண்டல், வைக்கோல் துணுக்கு, நெல் பதர். 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்ட மழைக்காலத்துச் சேறு கூட அதில் இருந்திருக்கும். வயலில் வடிகால் அடைந்தால் வேர் அழுகுகிறது, கதவில் அடைந்தால் தகடு அரிக்கிறது. சைக்கிள் போக்ஸ் கம்பியால் ஓட்டைகளைக் குத்தித் திறந்து, ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினோம். அடியில் ஒழுகியது. வெயிலில் நன்றாகக் காயவிட்டோம்.

பூட்டின் நாக்குக்கும் கம்பி இணைப்புகளுக்கும் கொஞ்சம் கிரீஸ், தண்டுக்கு இரண்டு சொட்டு தையல் மிஷின் எண்ணெய். எஞ்சினில் மாற்றிய கறுப்பு எண்ணெயை ஊற்றாதீர்கள், தூசியைச் சேர்த்துக்கொண்டு அதுவே பசையாகிவிடும். அட்டைக்குப் பின்னால் ஈரம் வராமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் தாள் இருந்திருக்க வேண்டும். கிழிந்து போயிருந்தது. உரச் சாக்கின் உள்ளே வரும் பிளாஸ்டிக் உறையை வெட்டி ஒட்டினேன். ஒட்டுவதற்கு முன் இரண்டு முறை கழுவிக் காய வைத்தேன். உரத்தின் உப்பு இரும்புக்கு ஆகாது.

ஒரு முக்கியமான விஷயம். அட்டையைப் பூட்டியவுடன் கதவை அடித்துச் சாத்திவிடக் கூடாது. கதவு திறந்திருக்கும்போதே, ஸ்க்ரூடிரைவரால் பூட்டின் நாக்கைத் தள்ளிப் பூட்டிய நிலைக்குக் கொண்டுவந்து, உள் கைப்பிடியாலும் வெளிக் கைப்பிடியாலும் தனித்தனியாக விடுவித்துப் பாருங்கள். இரண்டும் விடுவித்தால்தான் சாத்த வேண்டும். சாத்திய பிறகு இரண்டுமே வேலை செய்யாமல் போனால், மூடிய கதவில் அட்டையைக் கழற்றுவது பெரும்பாடு.

மொத்தச் செலவு: கிளிப் ஒரு பாக்கெட் 60 ரூபாய், கிரீஸ் 50 ரூபாய். அரை நாள் வேலை.

உங்கள் வண்டியையும் பாருங்கள்

அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் இப்போது குறைவு. ஆனால் பழைய வேன், பழைய ஜீப், மாருதி 800 என்று ஏதோ ஒன்று பல விவசாயிகள் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. புது மாதிரி வண்டிகளில் உள் கைப்பிடி பிளாஸ்டிக். அதில் தேய்வதைவிட, கம்பியைப் பிடிக்கும் கிளிப் உடைவதும் கைப்பிடியே முறிவதும்தான் அதிகம். சோதிக்கும் முறை ஒன்றுதான்: வெளியே திறக்கிறதா, கைப்பிடி எதையாவது இழுக்கிறதா, கம்பி நகர்கிறதா. பின்கதவு மட்டும் உள்ளேயிருந்து திறக்கவில்லை என்றால் பிரிப்பதற்கு முன் கதவின் பக்கவாட்டு ஓரத்தைப் பாருங்கள். குழந்தைகள் திறந்துவிடாமல் இருக்க அங்கே ஒரு சின்ன விசை வைத்திருப்பார்கள். அது தெரியாமல் தட்டுப்பட்டு மாறியிருக்கும். அதை மேலோ கீழோ தள்ளினால் கதவு பழையபடி திறக்கும். இதற்குப் போய்க் கைப்பிடியை மாற்றியவர்களும் உண்டு.

இதைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கொட்டகையிலும் மரத்தடியிலும் நிற்கிற வண்டிக்குள் ஏறி விளையாடாத கிராமத்துப் பிள்ளைகள் இல்லை. வெளியே 35 டிகிரி வெயில் என்றால், கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் அரை மணி நேரத்தில் 50 டிகிரியைத் தாண்டிவிடும். பெரியவர்களின் உடம்பைவிடக் குழந்தைகளின் உடம்பு சீக்கிரம் சூடேறும். உள்ளே போன குழந்தைக்குக் கதவு திறக்காவிட்டால் கத்தினாலும் வயலில் இருப்பவர்களுக்குக் கேட்காது. நின்றுபோன வண்டிக்குள் மாட்டிக்கொண்டு குழந்தைகள் உயிர் போன செய்திகளை நாம் பேப்பரில் படித்திருக்கிறோம். ஓடாத வண்டியாக இருந்தாலும் பூட்டி, சாவியை எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். ஓடுகிற வண்டியாக இருந்தால் நான்கு கதவும் உள்ளேயிருந்து திறக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். பார்ப்பதற்கு ஒரு நிமிஷம் போதும்.

இந்த வண்டியை விற்றுவிடலாம் என்ற பேச்சும் வீட்டில் உண்டு. 15 வருஷம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். டயர், பிரேக், பெயின்ட் என்று அந்தச் சமயத்தில் செலவு வரும். அடுத்த புதுப்பித்தல் வரும்போது கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வண்டி மேல் பாசம் இருக்கிறது என்பதற்காக விவசாயக் குடும்பம் கடன் வாங்க முடியாது. ஆனால் 110 ரூபாயில் தீர்ந்த ஒரு கோளாறுக்காக விற்றிருந்தால் அது சரியான கணக்காக இருந்திருக்காது.

மாமாவின் முட்டிவலி இப்போது குறைந்திருக்கிறது. சாயங்காலம் நான் சாவியை எடுத்தால் செருப்பு மாட்டிக்கொண்டு முதல் ஆளாக நிற்கிறார். வரப்போரம் நிறுத்துவதற்குள் கைப்பிடியில் கை வைத்துவிடுகிறார். "வண்டி நிக்கட்டும் மாமா" என்று தினம் ஒருமுறை சொல்ல வேண்டியிருக்கிறது. வலது பக்கத்துக் கைப்பிடியும் ஆட ஆரம்பித்திருக்கிறதாம். வெற்றிலைப் பெட்டி மூடியில் மீதித் தகடு இருக்கிறது, தூக்கிப் போட்டுவிடாதே என்று சொல்லியிருக்கிறார்.